எல்லா லோட்டஸும் ஒரே முதலாளியா?

ஒரே பெயரில் பல கம்பெனிகள் இருந்தால் மக்கள் குழம்புகிறார்கள் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் வந்து கேளுங்கள்! 2021இல் டெஸ்கோ பேரங்காடியின் பலகையை இறக்கி லோட்டஸ் பலகையை ஏற்றியபோது, "படக் கொட்டகைக்காரர் இதையும் வாங்கிட்டாரா?" என்றார் தோட்டத்துப் பெரியவர் ஒருவர். வாங்கியது தாய்லாந்தின் சிபி குழுமம். நாம் தமிழ்ப்படம் பார்க்கும் லோட்டஸ் ஃபைவ் ஸ்டார் படக் கொட்டகை வேறு. லோட்டஸ் கார் இங்கிலாந்தில் பிறந்தது. 1996 முதல் 2017 வரை நம்ம மலேசியக் கார் கம்பெனி புரோட்டோன் கையில் இருந்தது, அதனால் குழப்பம் இன்னும் கூடியது. சிவப்பு உறையில் வரும் பட்டை வாசனை லோட்டஸ் பிஸ்கட் பெல்ஜியத்துச் சரக்கு.

வணிகச் சின்னப் பதிவில் பொருள், சேவைகளைப் பிரிக்க மொத்தம் 45 வகுப்புகள். கார் ஒரு வகுப்பில், பிஸ்கட் வேறொரு வகுப்பில். அதனால் பெரும்பாலும் சண்டை வருவதில்லை. மிகப் பிரபலமான பெயரென்றால் மட்டும் கதை வேறு.