சில்வர்லைட்டுக்கு எத்தனை மார்க் போடுவீங்க?

போன வாரம் அப்ரைசல் ஃபார்ம் வந்துச்சு. கூடவே ஸ்கில் மேட்ரிக்ஸ்னு ஒரு எக்ஸல், அதுல சில்வர்லைட்னு (பிரவுசர்ல வீடியோ, அனிமேஷன் ஓட்டுற மைக்ரோசாஃப்ட்டோட பழைய ப்ளகின்) ஒரு கட்டம் இன்னும் உக்காந்திருக்கு, 1ல இருந்து 5க்குள்ள மார்க் போடணுமாம். மைக்ரோசாஃப்டே 2021ல அதுக்குப் பால் ஊத்தியாச்சு சாமி!

டூல் பேரை எழுதி வச்சா இப்படித்தான் ஆகும். பிரிட்டன்ல ஆரம்பிச்ச எஸ்எஃப்ஐஏ (சோஃபியான்னு சொல்வாங்க), அதாவது ஐடி வேலைக்கு என்னென்ன ஸ்கில், எந்தெந்த லெவல்னு சொல்ற பொதுப் பட்டியல், இந்த விஷயத்துல கெட்டிக்காரத்தனம் பண்ணிருக்கு. 2000ல மொத வெர்ஷன், 2024ல ஒன்பதாவது. அதுல ஜாவா, ஆரக்கிள்னு எதையும் ஸ்கில்லா போட மாட்டாங்க, ப்ரோக்ராமிங், டெஸ்டிங், இன்சிடென்ட் மேனேஜ்மென்ட்னு வேலையோட பேர்தான் இருக்கும். அப்புறம் 7 லெவல், அது பூரா பொறுப்பு பத்தினது. லெவல் 1ல பக்கத்துல ஆள் நின்னு சொல்லச் சொல்ல செய்வோம், 3ல நம்ம வேலைய நாமளே பாத்துக்குவோம், 5ல மத்தவங்களுக்கும் வழி சொல்லணும், 7ல நிறுவனம் எந்தப் பக்கம் போகணும்னே முடிவு பண்ணணும். ராத்திரி ரெண்டு மணிக்கு ப்ரொடக்ஷன் (ஜனங்க நிஜமா யூஸ் பண்ற சிஸ்டம்) படுத்துடுச்சுன்னா போனை யார் எடுக்கிறதுங்கிற கேள்வி கோபோல்ங்கிற அந்தக் காலத்து ப்ரோக்ராமிங் மொழி காலத்துலயும் அதேதான், கிளவுட்லயும் அதேதான்.

ஆனா எனக்கு ஒரு குறை இருக்கு. 2018ல 102 ஸ்கில், 2021ல 121, இப்ப 147. டேட்டா, செக்யூரிட்டி, ஏஐன்னு உலகம் பெருத்துட்டே போகுது, சேக்கத்தான் வேணும், சரி. நிஜமான சிக்கல் கீழ் லெவல்லதான்னு எனக்குத் தோணுது. ஃப்ரெஷருக்குக் குடுத்து பழக்கின சின்னச் சின்ன வேலைய இப்ப ஏஐகிட்ட தள்ளி விடுறோம், அந்தப் புள்ள தப்பு பண்ணி திட்டு வாங்கி கத்துக்கிட்டது எல்லாம் அதுலதானே? லெவல் 1, 2 வேலையே இல்லாம ஒருத்தர் எப்படிங்க 3க்கு ஏறுவார்? ஏஐ எழுதின ப்ரோக்ராமை செக் பண்றது எந்த லெவல், தப்பாச்சுன்னா யார் தலை உருளும்? புது ஸ்கில் சேக்கறதுக்கு முன்னாடி இந்த ரெண்டு லெவலையும் உக்காந்து திரும்ப எழுதணும்.

அதை மேல இருக்கிற கமிட்டிதான் செய்யணும்னு இல்ல. மாத்தச் சொல்லி யார் வேணா ரெக்வஸ்ட் போடலாம், அதை வச்சுத்தான் சுமார் மூணு வருஷத்துக்கு ஒரு தடவை புது வெர்ஷன் வருது. டீக்கடையில புலம்புறதுல பாதிய அங்க எழுதலாம், நானும் எழுதல, ஒத்துக்கறேன்.

எங்க ஹெச்ஆருக்கு மட்டும் மெயில் போட்டேன். ஃபார்ம் லாக் ஆயிடுச்சாம், அடுத்த வருஷம் பாக்கலாம்னாங்க. சரின்னு சில்வர்லைட்ல எனக்கு நானே 4 போட்டுக்கிட்டேன்.