அதிகாரம் தராமல் நலத்திட்டத்துக்கு ஆள் தேடாதீர்கள்

பணியாளர் நலத்திட்டத்தை நடத்துவதற்கு ஒருவரை நியமிக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு, பழைய மாமல்லபுரம் சாலையில் நான் பணியாற்றும் மென்பொருள் நிறுவனம் செய்துவருவதை இனியும் வாய்மூடிப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. அந்தப் பதவிக்கான தேர்வுக் குழுவில் பணியாளர் தரப்பில் என்னையும் சேர்த்திருந்தார்கள் என்பதால், உள்ளே நடந்தது எனக்கு நேரடியாகத் தெரியும்.

விளம்பரத்திலேயே கோளாறு தொடங்கிவிட்டது. யோகா தினத்தையும் மகளிர் தினத்தையும் ஏற்பாடு செய்ய வேண்டும், ஜும்பா வகுப்புக்கு ஆள் திரட்ட வேண்டும், நிகழ்ச்சி முடிந்த அன்றே சமூக ஊடகத்துக்குப் படமும் காணொளியும் தயாரித்துத் தர வேண்டும், மேலாண்மைப் பட்டம் இருந்தால் முன்னுரிமை என்றெல்லாம் விரிவாக எழுதியவர்கள், தொழில்சார் உடல்நலம் பற்றி ஒரு வரி எழுதவில்லை. ஆனால் பொறுப்புகளின் வரிசையில் பணியாளர்களுக்கு மனநல ஆலோசனை வழங்குவதும் இருந்தது. மருத்துவ உளவியலாளராகப் பணியாற்ற இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்று 1992ஆம் ஆண்டிலிருந்தே இந்நாட்டில் சட்டம் இருக்கிறது. தூக்கம் கெட்டு, உயிரை விட்டுவிடலாமா என்ற நினைப்போடு வரும் ஓர் இளைஞனை, விழா நடத்தத் தெரிந்த ஒரே தகுதிக்காகச் சேர்க்கப்பட்டவரிடம் அனுப்பிவைப்பதற்கு இவர்களுக்கு எங்கிருந்து துணிச்சல் வருகிறது?

நேர்முகத் தேர்வுக்கு வந்தவர்களில் ஒருவர், தொழிற்சாலையின் மருத்துவ அறையில் பல ஆண்டுகள் பணியாற்றிய செவிலியர். தொடர்ந்து எத்தனை இரவுகள் ஒருவருக்கு இரவுப்பணி போடப்படுகிறது, மருத்துவ விடுப்பு எந்தக் குழுவில் அதிகம், ஆலோசனைக்கு வருகிறவரின் பெயர் மேலாளருக்குத் தெரியவருமா, ஒரு குழுவின் வேலை நேரம் அளவுக்கு மீறிப் போனால் அதை நிறுத்தச் சொல்லும் உரிமை தனக்கு உண்டா என்று அவர் வரிசையாகக் கேட்டார். அவ்வளவும் அந்த வேலையைச் செய்ய நினைக்கும் எவரும் முதலில் கேட்டாக வேண்டிய கேள்விகள். அவர் வெளியே சென்றதும், “இவர் நம் நிறுவனத்துக்குச் சரிப்பட்டு வரமாட்டார், ரொம்பக் கேள்வி கேட்கிறார்” என்று மனிதவளத் துறைத் தலைவர் சொன்னார், மற்றவர்கள் தலையாட்டினார்கள். நான் எழுப்பிய எதிர்ப்பு குறிப்பேட்டில்கூடப் பதிவாகவில்லை. முடிவில் கல்லூரி முடித்துச் சிறிது காலமே ஆன ஒரு பெண்ணை, மற்றவர்கள் கேட்டதைவிடக் குறைந்த சம்பளத்துக்குச் சேர்த்தார்கள். அந்தப் பெண் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. நிறைவேற்ற முடியாத பொறுப்பை அவர் தலையில் கட்டியவர்கள் மீதுதான் என் ஆத்திரமெல்லாம்.

இப்போது அவருடைய வேலையை எதைக்கொண்டு மதிப்பிடுகிறார்கள் தெரியுமா? நிகழ்ச்சிக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்ற எண்ணிக்கையைக்கொண்டுதான். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஏறத்தாழ 5,000 ஊழியர்களை வைத்து இத்தகைய திட்டத்தைச் சோதித்த ஆய்வாளர்கள், ஏற்கெனவே நலமாக இருப்பவர்களே இவற்றில் விரும்பிச் சேர்கிறார்கள் என்று கண்டார்கள். எங்கள் அலுவலகத்திலும் அதுவே நடக்கிறது. ஜும்பாவுக்கு வருகிறவர்கள் மாலை ஆறு மணிக்கு வீடு திரும்ப முடிகிறவர்கள், இரவுப்பணியில் இருப்பவர்களுக்கு அந்த வகுப்பு நடப்பதே தெரியாது. அமெரிக்கச் சில்லறை விற்பனை நிறுவனம் ஒன்றில் சுமார் 33,000 ஊழியர்களிடையே நடந்த மற்றொரு சோதனையின் முடிவுகள் 2019இல் வெளிவந்தன: பதினெட்டு மாதங்களுக்குப் பிறகு, உடற்பயிற்சி செய்வதாகச் சொன்னவர்கள் கூடியிருந்தாலும், இரத்த அழுத்தம் முதலிய அளவுகளிலோ மருத்துவச் செலவிலோ விடுப்பிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை.

வேலை நேரத்தைத் தொடாமல் உடல்நலத்தைப் பேசினால் வேறென்ன கிடைக்கும்? வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் சேர்ந்து அறிவித்தன. எங்கள் குழுவில் மென்பொருள் வெளியீடு நெருங்கும் வாரங்களில் 55 மணி நேரம் என்பது குறைந்த கணக்கு. அந்த வாரங்களில்தான் மூச்சுப்பயிற்சி வகுப்புக்குக் கட்டாயம் வர வேண்டும் என்று மின்னஞ்சல் வருகிறது. வகுப்பில் கழிந்த நேரத்தை இரவில் ஈடுகட்டச் சொல்கிறார்கள்.

500 தொழிலாளர்களோ அதற்கு மேலோ உள்ள தொழிற்சாலையில் நல அலுவலர் இருக்க வேண்டும், அவருடைய கடமைகளையும் தகுதியையும் பணி நிபந்தனைகளையும் மாநில அரசு வரையறுக்கலாம் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே சொன்னது. எழுபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தும், கண்ணாடிக் கட்டடத்தில் இயங்கும் ஒரு நிறுவனத்துக்கு அந்த அளவு தெளிவுகூட இல்லை என்பது வெட்கக்கேடு.

நலத்திட்டப் பொறுப்பாளர் மனிதவளத் துறைக்குக் கீழே இல்லாமல் நேரடியாக நிர்வாக இயக்குநரிடம் அறிக்கை தர வேண்டும். பணிநேரப் பட்டியலைத் திருத்தச் சொல்லும் உரிமை அவருக்கு எழுத்தில் இருக்க வேண்டும். அவரிடம் பேசியவரின் பெயர் எந்த மேலாளருக்கும் போகக் கூடாது. இவற்றை எழுதித் தர மனமில்லாத நிறுவனம் இந்தப் பதவியையே கலைத்துவிட்டு, அந்தச் சம்பளத்தில் இரவுப்பணிக்கு இன்னும் ஒருவரைச் சேர்க்கட்டும். எங்கள் குழுவில் ஒருவராவது வாரத்தில் ஓர் இரவு வீட்டில் படுத்துத் தூங்குவார்.