ஏசி ரிமோட்டில் கை வைத்தது யார்?

நேற்று ராத்திரி யாரோ எங்கள் ஆய்வகத்துக்குள் வந்திருக்கிறார்கள். புழுக்கமாக இருந்திருக்கும் போல. 22-ல் இருந்த ஏசியை 18-க்கு இறக்கிவிட்டு, வேலை முடிந்ததும் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போய்விட்டார்கள். ரிமோட்டைச் சுவரோடு சேர்த்து செலோடேப் போட்டு ஒட்டி, "தொடாதீர்கள்" என்று எழுதியும் வைத்திருந்தேன். டேப்பைப் பிய்த்திருக்கிறார்கள். காலையில் வந்து பார்த்தால் பாதி டேப் சுவரில் தொங்குகிறது. மூன்று நாளாக ஒரு நொடிகூட அறுபடாமல் ஓடிய அளவீடு ராத்திரி 2.40 மணிக்கு அறுந்து கிடக்கிறது.

"ஏசியைக் குறைத்ததற்கா இவ்வளவு சத்தம்?" என்று ஒருவர் கேட்டார். ஆமாம், அதற்குத்தான். உட்கார்ந்து கேளுங்கள்.

இங்கே இருப்பது ஸ்ட்ரான்சியம் அணுவை வைத்து ஓடும் ஒளியியல் கடிகாரம், அதாவது ஒளியின் துடிப்பை எண்ணி நேரம் அளக்கிற கடிகாரம். 1967-லிருந்து நொடிக்கு வரையறையாக இருக்கும் சீசியத்தின் துடிப்பு நொடிக்கு 919 கோடிச் சொச்சம். ஸ்ட்ரான்சியத்துக்கு நாங்கள் காட்டும் 698 நானோமீட்டர் சிவப்பு லேசரோ நொடிக்கு 429 லட்சம் கோடி தடவை துடிக்கிறது. இதை நேராக எண்ணிச் சொல்கிற மின்னணுக் கருவி எதுவும் கிடையாது. அதிர்வெண் சீப்பு வந்த பிறகுதான் இது கைக்கு அடங்கியது. ஹான்ஷ், ஹால் என்ற இயற்பியலாளர்கள் இருவருக்கும் 2005-ல் நோபல் கிடைத்ததில் இந்தச் சீப்புக்குப் பெரிய பங்கு உண்டு.

சீப்பு என்பது வெறும் பேச்சுக்கு வைத்த பெயர் இல்லை. மிகக் குறுகிய ஒளித் துடிப்புகளைச் சீரான இடைவெளியில் விட்டுக்கொண்டே இருந்தால், அந்த ஒளிக்குள் லட்சக்கணக்கான அதிர்வெண்கள் பல் பல்லாக வரிசை கட்டி நிற்கும். எங்கள் சீப்பில் ஒரு பல்லுக்கும் அடுத்ததற்கும் 250 மெகாஹெர்ட்ஸ். சிவப்பு லேசர் போய் நிற்பது 17 லட்சத்துச் சொச்சமாவது பல்லுக்குப் பக்கத்தில். கணக்கைப் பாருங்கள்: பல் இடைவெளியில் ஒரே ஒரு ஹெர்ட்ஸ் பிசகினால், அந்தப் பல் 17 லட்சம் ஹெர்ட்ஸ் தள்ளிப் போய்விடும். நாங்கள் லேசரை ஒரு ஹெர்ட்ஸுக்குள் பிடித்து நிறுத்தப் பாடுபடுகிறோம்!

அந்த இடைவெளியைத் தீர்மானிப்பது ஒரு கண்ணாடி இழை வளையத்தின் நீளம். அறை குளிர்ந்தால் இழை சுருங்கும், இடைவெளி கூடும். அதைச் சரிக்கட்ட உள்ளே ஒரு பீசோ இருக்கிறது. மின்னழுத்தம் கொடுத்தால் ஆடியை மைக்ரான் கணக்கில் நகர்த்தும், அதுவும் ஓர் எல்லை வரைக்கும்தான். நேற்றைய பதிவைத் திறந்து பார்த்தேன். மூன்று நாளும் கிட்டத்தட்ட நேர்கோடாகப் போன பீசோ அழுத்தம் 1.20-க்கு மெல்ல ஏற ஆரம்பிக்கிறது. ஏறுகிறது, ஏறுகிறது, 2.40-க்கு உச்சியில் முட்டி அப்படியே தட்டையாகிறது. அதே நிமிடம் லாக், அதாவது சீப்பை ஒரே இடத்தில் பிடித்து வைத்திருந்த பிடி, போயிருக்கிறது. அந்தக் கோட்டைப் பார்த்தபோது வயிறு எரிந்தது.

"திரும்ப லாக் பண்ணிக்கொள்ள வேண்டியதுதானே?" இந்தக் கேள்விதான் எனக்கு ஆகவே ஆகாது. முதலில் அறை பழைய நிலைக்கு வர வேண்டும். அப்புறம் சீப்புக்கும் லேசருக்கும் இடையிலான பீட் (இரண்டின் அதிர்வெண் வித்தியாசத்தில் துடிக்கும் சிக்னல்) இரைச்சலுக்கு மேல் 30 டெசிபலாவது எழும்பி நிற்க வேண்டும். அதற்குக் குறைந்தால் எண்ணிக்கையில் ஒரு சுற்று தவறிப்போகும், தவறியதும் உடனே தெரியாது. அதற்காக இழையில் ஒளியின் தளவிளைவை (ஒளியலை அதிரும் திசையை) கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டு, சிக்னலை அதிர்வெண் வாரியாகக் காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசரையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். இவ்வளவும் செய்தாலும் போனது போனதுதான். இரண்டு ஒளியலைகளை ஒரு சுற்றுகூட விடாமல் பின்தொடர்ந்து வந்த அளவீடு இது. நடுவில் அறுந்தால் முன்னால் எடுத்ததோடு பின்னால் எடுப்பதை ஒட்டவைக்க வழியே இல்லை.

கதவு விஷயமும் இருக்கிறது. லேசரை நிதானப்படுத்துவது வெற்றிடத்துக்குள் இருக்கும் 10 சென்டிமீட்டர் கண்ணாடிக் குழிவு, அதாவது எதிரெதிரே நிற்கும் இரண்டு ஆடிகளுக்கு நடுவில் ஒளி போய்ப் போய் வரும் இடம். லேசர் ஒரு ஹெர்ட்ஸ்கூட நகராமல் இருக்க, அந்த 10 சென்டிமீட்டர் ஒரு புரோட்டானின் விட்டத்தில் ஏழில் ஒரு பங்குக்கு மேல் மாறக் கூடாது. அதிர்வு தாங்கும் மேடைமேல்தான் வைத்திருக்கிறோம், சரி. அதற்காகப் பக்கத்திலேயே கதவை அறையலாமா? கதவின் நிலைச்சட்டம் அதிர்வது தரை வழியாக மேசைக்கு வருகிறது. கைப்பிடியைப் பிடித்தபடி சாத்த எவ்வளவு நேரம் ஆகும்?

2030 வாக்கில் நொடியின் வரையறையையே இந்த வகைக் கடிகாரங்களுக்கு மாற்றலாமா என்று உலக அளவியல்காரர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நான் டேப் ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது மணி 11.15. அறை 21.4-க்கு வந்திருக்கிறது. பீசோ இன்னும் எல்லையை விட்டு இறங்கவில்லை. யார் செய்திருந்தாலும் நேரில் வந்து சொல்லுங்கள், உட்காரவைத்து அந்தக் கோட்டைக் காட்டுகிறேன். இனிமேல் புழுக்கமாக இருந்தால் வராந்தாவில் போய் நில்லுங்கள். ரிமோட்டைத் தொடாதீர்கள்.