அந்தப் படத்தில் இருப்பவர் நம் நேப்பியர் இல்லை

நேற்றெல்லாம் சுற்றிய அந்தப் பதிவைப் பார்த்திருப்பீர்கள். நேப்பியர் பாலத்தின் வரலாறு என்று எழுதி, மார்பு நிறையப் பதக்கங்களோடு ஒரு தளபதியின் படத்தைப் போட்டிருந்தார்கள். அவர் ராபர்ட் நேப்பியர். கொழும்பில் பிறந்து, 1868இல் அபிசீனியாவின் (இன்றைய எத்தியோப்பியா) மக்தலா கோட்டையைப் பிடித்தவர். கூவத்தின் மீது 1869இல் எழுந்த பாலம் தாங்கிய பெயர் பிரான்சிஸ் நேப்பியருடையது. ஸ்காட்லாந்துப் பிரபு, வாஷிங்டன், ஹேக், செயின்ட் பீட்டர்ஸ்பர்க், பெர்லின் என்று தூதராக இருந்துவிட்டு, 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்தவர். இருவருமே தற்காலிக வைஸ்ராய்களாக இருந்தவர்கள்தாம். குழப்பம் வரலாம். திருத்தச் சொன்னால் திருத்தலாம் அல்லவா?

பணிவாகத்தான் சொன்னேன். "எந்த வெள்ளைக்காரனாக இருந்தால் என்ன? நீ ஏன் வால் பிடிக்கிறாய்?" என்று பதில் வந்தது.

நான் மதுரைக்காரன். திருமலை நாயக்கர் மகாலில் நீதிமன்றம் நடந்த காலத்தில் என் தாத்தா வக்கீல் குமாஸ்தா. சிறுவயதில் என்னை அங்கே அழைத்துப் போய், ஒரு தூணைக் கட்டிப்பிடிக்கச் சொன்னார். கைகள் பாதிகூடச் சுற்றவில்லை. கன்னத்தில் சுண்ணாம்புப் பூச்சு சில்லென்று பட்டது. "இடிந்து கிடந்ததை நேப்பியர் துரைதான் எடுத்துக் கட்டினார்" என்றார். அந்தத் துரைதான் இந்த பிரான்சிஸ்.

அலுவலகத்துக்கு இடம் வேண்டும் என்றுதானே பழுதுபார்த்தான் என்பீர்கள். ஆமாம். பணமும் நம்முடையதுதான். அந்த ஆட்சி நல்லது என்று நான் எங்கே சொன்னேன்? ஆள் மாறிவிட்டது என்று சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன்.

பிரான்சிஸ் ஊர் திரும்பிய பிறகு, 1883இல், ஸ்காட்லாந்து மலைப்பகுதிக் குடியானவர்களின் குறைகளை விசாரித்த ஆணையத்துக்கும் அவரே தலைவர். ஸ்கை தீவில் முதல் சாட்சியாக வந்தவர், தன்னை நிலத்தைவிட்டு வெளியேற்ற மாட்டார்கள் என்று உறுதி கொடுத்தால்தான் வாய்திறப்பேன் என்று அங்குள்ள மக்களின் கேலிக் (Gaelic) மொழியில் சொல்லிவிட்டார். அந்த உறுதியைக் கொடுக்க ஆணையத்துக்கு அதிகாரம் இல்லை. நிலக்கிழாரின் ஆள் வாக்குக் கொடுத்த பிறகே பேசினார். இதைப் படிக்கும்போதெல்லாம் என் தொண்டை அடைக்கும். குத்தகைக்கு உழுத குடும்பம் எங்களுடையது. அந்த விசாரணையைத் தொடர்ந்துதான், குடியானவர்களை நினைத்தபடி வெளியேற்ற முடியாதபடி 1886இல் சட்டம் வந்தது. இவ்வளவும் ஒரு மனிதரின் வாழ்க்கை. அதன் மேல் வேறொருவர் முகத்தை ஒட்டிவிட்டு "என்ன இப்போது?" என்று கேட்கிறீர்கள்.

இன்று காலையும் போய்ப் பார்த்தேன். படம் அப்படியே இருக்கிறது. என் பின்னூட்டத்தை நீக்கிவிட்டார்கள்.