ஃபைல் தேடுற புரோகிராமை விண்டோஸ்லேருந்து லினக்ஸுக்கு மாத்துறதுக்குள்ள உசுரு போவுது

விண்டோஸ்ல ஃபோல்டர்ல ஃபைல் தேடிக் குடுக்கற ஃபைண்ட்ஃபர்ஸ்ட்ஃபைல்ங்கற ஃபங்ஷன் கிட்ட ஸ்டார் டாட் ஸ்டார் (*.*)னு குடுத்தா, புள்ளியே இல்லாத ஃபைல் உட்பட எல்லாத்தையும் எடுத்துக் குடுத்துரும், சைஸ், தேதி எல்லாம் கூடவே வந்துரும். லினக்ஸ்ல ஃபோல்டரைத் திறக்க ஓபன்டிர், ஒவ்வொரு பேரா படிக்க ரீட்டிர், அதுக்கு இந்த மாதிரி பேட்டர்னே தெரியாது, பேரு பேட்டர்னுக்கு பொருந்துதான்னு பாக்கற எஃப்என்மேட்ச்சை நாமளே போட்டு வடிகட்டணும், அங்க ஸ்டார் டாட் ஸ்டார்னா பேர்ல புள்ளி இருக்கறது மட்டும்தான் வரும், சைஸுக்கு தனியா ஸ்டாட்னு இன்னொரு ஃபங்ஷன் வேற கூப்பிடணும். ராணிப்பேட்டைல ஒரு தோல் கம்பெனியோட பில்லு ஃபோல்டர், பாதி ஃபைல் பேரு கடைசில பெரிய எழுத்து பிடிஎஃப் (.PDF), மீதி சின்ன எழுத்து (.pdf), விண்டோஸ் ரெண்டையும் ஒண்ணா பாத்துச்சு, லினக்ஸ்ல ஓட்டினா பாதி பில்லு காணோம்! அந்தக் கம்பெனிக்காரங்க காட்பாடில இருக்கற எங்களுக்கு போன் போட்டு கத்துறாங்க, கத்தமாட்டாங்களா பின்ன, கணக்கு ஆச்சே. சரி, சி பிளஸ் பிளஸ் மொழியோட 17ங்கற வெர்ஷன்ல ரெண்டு சிஸ்டத்துக்கும் பொதுவா ஃபைல்சிஸ்டம் லைப்ரரி குடுத்தாங்களே, அதுலயாவது பேட்டர்ன் வெச்சாங்களா? இல்லயே!