ஆசாரி யாரு மேடம்?

"நாமே இறங்கிச் செய்தால் பாதிச் செலவில் கிச்சன் முடிந்துவிடும்" என்று வீடியோ போட்டு யோசனை சொல்பவர்களை எல்லாம் ஒருநாள் பிளைவுட் கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். கையில் பணம் இருக்கட்டும், அளவு எழுதிய தாள் இருக்கட்டும், கூட ஆசாரி மட்டும் இருக்கக் கூடாது. அப்புறம் பேசட்டும்.

கடைக்குள் நுழைந்ததும் முதல் கேள்வி, "ஆசாரி யாரு மேடம்?" எத்தனை ஷீட், என்ன கனம் என்பதெல்லாம் பிறகுதான். ஆசாரி இல்லை, நாங்களே செய்கிறோம் என்றால் ஒரு சிரிப்பு. அடுத்த கேள்வி, "சார் வரலையா?" சார் வீட்டில் பழைய டைல்ஸை உடைத்துக்கொண்டிருக்கிறார். சாமான் வாங்குவது என் வேலை. எனக்குப் பதில் சொன்னால் போதும்.

ஆசாரியை ஏன் இவ்வளவு ஆசையாகத் தேடுகிறார்கள் என்பது ஊரறிந்த ரகசியம். கிராக்கியைக் கூட்டிவரும் ஆசாரிக்குக் கடையில் ஒரு பங்கு உண்டு. அவர் வாங்குவதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. வேலை இருந்தால்தான் கூலி என்ற பிழைப்பு. ஆனால் ஆசாரியே இல்லாமல் வந்து நிற்கிறேனே, அந்தப் பங்கையாவது விலையில் கழிக்கக் கூடாதா? கழிக்க மாட்டார்கள். நானும் அதே விலைதான் கொடுக்க வேண்டும், ஆசாரிக்குப் போக வேண்டியது கல்லாவுக்குப் போகும். ஒரு கடைக்காரர் இன்னும் ஒரு படி மேலே போய், "தெரிஞ்ச ஆசாரி நம்பர் ஏதாவது சொல்லுங்க, அவர் கணக்குல ஏத்திடறேன்" என்றார். என் பணத்தில் யாரோ ஒருவருக்குக் கணக்கு ஏறுமாம், எனக்கு ஏறாதாம்!

தாம்பரம் பக்கம் பழைய ஃபிளாட் எங்களுடையது. கடப்பாக் கல் அலமாரி, எண்ணெய்ப் பிசுக்கில் நிறம் மாறிய டைல்ஸ். மாடுலர் கிச்சன் போடும் நிறுவனம் ஒன்று 4 லட்சத்துக்கு மேல் எஸ்டிமேட் கொடுத்தது. எங்களிடம் இருந்தது ஒன்றரை லட்சம். அதனால்தான் நாங்களே இறங்கினோம். துளை போடுவது, மைக்கா ஒட்டுவது, ஷட்டர் மாட்டுவது எல்லாம் கஷ்டம்தான், ஆனால் பழகினால் வருகிறது. பழகவே முடியாதது இந்தக் கடைத்தெரு.

பிளைவுட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். எம்ஆர் (ஈரப்பதம் தாங்குவது), பிடபிள்யூஆர் (கொதிநீர் தாங்குவது), 710 என்று மூன்று ரகம். முதல் இரண்டும் ஐஎஸ் 303 என்ற இந்தியத் தரத்தில் வரும், மரைன் பிளை என்பது ஐஎஸ் 710. எம்ஆர் படுக்கையறை அலமாரிக்குச் சரி, சிங்க் அடியில் வைத்தால் ஊறி உப்பிவிடும். கடையில் கேட்டால், "எல்லாமே வாட்டர்ப்ரூஃப்தான் மேடம்." பிறகு எதற்கு ஐயா மூன்று விலை? சரி, 710 என்றே முடிவு செய்தாலும் 8-க்கு 4 அடி முழு ஷீட்டாகத்தான் தருவார்கள். கால்வாசித் துண்டு போதுமென்றாலும் முழுசு வாங்கு. வெட்டித் தர மாட்டார்கள், அதற்கு வேறு இடம், வேறு கூலி. 8 அடி ஷீட் எங்கள் லிஃப்ட்டில் நுழையாது. மாடி ஏற்ற லோடுமேனுக்கு ஒரு ஷீட்டுக்கு இவ்வளவு, ஒரு மாடிக்கு இவ்வளவு என்று தனிக் கணக்கு. இதில் ஒன்றாவது "பாதிச் செலவு" வீடியோக்களில் வருகிறதா?

கிரானைட் இன்னும் மோசம். கிருஷ்ணகிரியிலும் தர்மபுரியிலும் மலையையே வெட்டி எடுக்கிறார்கள், நம் மாநிலத்துக் கல், விலை மலிவாக இருக்கும் என்று நினைத்துப் போனோம். போர்டில் சதுர அடி விலை என்னவோ மலிவுதான். எங்கள் சமையல் மேடை 10 அடி நீளம், 2 அடி அகலம். 20 சதுர அடி. அவர்களிடம் இருந்த கல் பத்தரை அடி நீளம், இரண்டேமுக்கால் அடி அகலம். போட்டார்கள் பாருங்கள் கணக்கு, 29 சதுர அடி! மீதி 9 அடிக்கும் நாம்தான் காசு தர வேண்டும், அந்தத் துண்டை வைத்து என்ன செய்வது என்பதும் நம் தலைவலி. முனையை உருட்டி மோல்டிங் செய்ய ரன்னிங் அடிக்கு ஒரு ரேட். சிங்க் துளைக்குத் தனி, குழாய்த் துளைக்குத் தனி. எல்லாம் சேர்ந்து வரும்போது போர்டில் இருந்த விலைக்கும் பில்லில் இருக்கும் விலைக்கும் ஸ்நானப்பிராப்தி கூடக் கிடையாது.

ஸ்டீல் கூடை வாங்கப் போனால் காந்த வித்தை காட்டுகிறார்கள். காந்தத்தை வைத்து, "பாருங்க, ஒட்டலை, அசல் 304." 304, 202 இரண்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரகங்கள், 202-லும் அநேகமாக ஒட்டாது! விலை கூடிய நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்ததுதான் 202. எங்கள் போர் தண்ணீர் உப்பு, அதில் எது துருப்பிடிக்கும் எது பிடிக்காது என்று காந்தம் சொல்லாது. இதைச் சொன்னதும் அந்தப் பையன் காந்தத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வேறு கிராக்கியைப் பார்க்கப் போய்விட்டான்.

கீல் கதையும் இதே. கீலின் கை எவ்வளவு வளைந்திருக்கிறது என்பதுதான் கிராங்க். கதவு பக்கப் பலகையை முழுக்க மூடினால் 0 கிராங்க், பாதி மூடினால் 8, உள்ளே அடங்கினால் 16. தெளிவாக எழுதிக் கொடுத்தும் மூன்றையும் கலந்து பையில் போட்டுத் தருகிறார்கள். மாற்றக் கேட்டால், "ஆசாரியை வரச் சொல்லுங்க, அவருக்குப் புரியும்."

இத்தனைக்கும் பிறகு இவர்கள் விற்கும் அந்தக் கிச்சன் யாருக்கானது என்றே புரியவில்லை. கேட்டலாக்கைப் புரட்டினால் முள்கரண்டிக்குத் தனித் தட்டு, ஒயின் பாட்டிலுக்குத் தனி ரேக். கோயம்புத்தூர் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே கொடுத்திருக்கிறார்கள், மாடுலர் கிச்சனில்தான் அதற்கு இடமில்லை. இட்லிப் பானை எங்கே போகும்? அரிசி மூட்டை? அதுவும் 26 கிலோ மூட்டை. (2022 ஜூலையில் 25 கிலோ வரைக்கும் பாக்கெட் அரிசிக்கு ஜிஎஸ்டி போட்டார்கள், உடனே மூட்டை ஒரு கிலோ பெருத்துவிட்டது.) படங்களில் கேஸ் சிலிண்டர் என்ற ஒன்றே கிடையாது. நிஜத்தில் அது நிமிர்ந்து நிற்க வேண்டும், அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும், ரப்பர் குழாய் ஒன்றரை மீட்டருக்குள் இருக்க வேண்டும். கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு தேங்கும், அதனால் அந்த இடத்தை இழுத்து மூடவும் கூடாது. சேல்ஸ்மேனிடம் இதைக் கேட்டால், "ஷட்டர் போட்டு மறைச்சிடலாம் மேடம், லுக்கா இருக்கும்." லுக்காம்!

கடைசியாக பில். பிளைவுட்டுக்கு ஏகப்பட்ட வருட கியாரண்டி என்று ஷீட்டிலேயே அச்சடித்திருக்கிறது. பில் கேட்டால் கடைக்காரர் முகம் மாறுகிறது. "பில் போட்டா ஜிஎஸ்டி சேரும் மேடம், எதுக்கு உங்களுக்கு அந்தச் செலவு?" சரி, நாளைக்குப் பலகை பிரிந்து வந்தால் கியாரண்டிக்கு என்ன காட்டுவது என்று கேட்டேன். "பில் காட்டணும்."

பில் போடச் சொன்னேன். ஜிஎஸ்டியைச் சேர்த்துப் போட்டார். நீட்டிய காகிதத்தின் மேலே, ஆசாரி பெயர் எழுதும் இடத்தில் "செல்ஃப்" என்று எழுதிவிட்டு, தள்ளுபடி கட்டத்தில் ஒரு கோடு இழுத்திருந்தார்.