கால்வாயில் உப்புக் கொட்டாதீர்கள்

போன சனிக்கிழமை இரவு பினாங்கில் கொட்டிய மழை பத்தரை மணிக்கு ஓய்ந்தது. கால் மணி நேரத்தில் எங்கள் வீடுகளுக்குப் பின்னாலுள்ள கால்வாய் முழங்கத் தொடங்கியது. மாட்டுக் கொட்டகையிலிருந்து வருவது போன்ற கனத்த தவளைக் குரல்கள். பதினொரு மணிக்குள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழு நிறையப் புகார்கள். "உப்புக் கொட்டுங்கள், அடங்கிவிடும்" என்றார் ஒருவர். "குளோரின்தான் சரி" என்றார் இன்னொருவர்.

நான் டார்ச் விளக்கோடு வெளியே போனபோது பக்கத்து வீட்டுத் தம்பி உப்புப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். "குழந்தை தூங்கவில்லை அண்ணே" என்றார். நல்ல மனிதர். அன்று மிகவும் களைத்திருந்தார்.

விளக்கைத் தண்ணீரில் அடித்துக் காட்டினேன். ரப்பர் பந்தைப் போல உடம்பை ஊதிக்கொண்டு ஒரு தவளை மிதந்தது. காப்பிக்கொட்டை நிற முதுகு, இரண்டு பக்கமும் வெளிறிய மஞ்சளில் அகன்ற பட்டை. ஒவ்வொரு குரலுக்கும் தொண்டைப் பை புடைக்க, அது மிதந்த நீர் வட்டம் வட்டமாக அதிர்ந்தது. கலூலா புல்க்ரா என்பது அதன் அறிவியல் பெயர். வறண்ட நாள்களில் மண்ணுக்குள் புதைந்து கிடக்கும். எறும்பும் கறையானும் அதன் இரை. பெருமழை பெய்தால்தான் துணை தேடித் தண்ணீருக்கு வரும், கத்துவதெல்லாம் ஆண்தான். ஓரிரு இரவில் கூட்டம் கலைந்துவிடும். அந்த ஓரிரு இரவுக்காகத்தான் உப்பும் குளோரினும்!

தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. வயிற்றுத் தோலையும் தொடைத் தோலையும் ஈரத்தில் படியவைத்து உறிஞ்சிக்கொள்கிறது. மூச்சிலும் ஒரு பங்கு அந்தத் தோல் வழியாகத்தான். நாம் கால்வாயில் எதை ஊற்றினாலும் அது தவளையின் உடம்புக்குள் போகிறது. உப்போ உள்ளிருக்கும் நீரை வெளியே இழுத்துவிடும். கடலோரச் சதுப்புக் காடுகளில் வாழும் நண்டுண்ணித் தவளையோ இரத்தத்தில் யூரியாவைத் தேக்கி உவர்நீரைத் தாங்குகிறது. எங்கள் கால்வாய்த் தவளைக்கு அந்த வரம் கிடையாது.

தம்பி பொட்டலத்தை மடித்துக்கொண்டு உள்ளே போனார். ஆனால் மறுநாள் காலை அடுத்த சந்தில் குளோரின் நெடி மூக்கை அறுத்தது. வெள்ளை வயிறு மேலே தெரிய நான்கு தவளைகள் கிடந்தன. குப்பை முறத்தில் அள்ளி வாழையடியில் புதைத்தேன். ஒன்றின் விரல்கள் முன்னங்காலை ஒட்டி மடங்கியிருந்தன. இதை எழுதும்போதும் அது கண்ணிலேயே நிற்கிறது.

என் பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். இரவில் தவளைச் சத்தம் கேட்டால், "மரமெல்லாம் நனைந்திருக்கும், நாளைக்கு வெட்டு இருக்காது" என்பார். அன்றைய கூலி போய்விடும். அந்தக் கவலையிலும் ஒருநாள்கூட அவர் தவளையைத் திட்டிக் கேட்டதில்லை. தேரை என்றால் மட்டும் பயம். தொட்டால் மரு வரும் என்பார். மரு வருவது கிருமியால், தேரையால் அல்ல. அதன் கண்ணுக்குப் பின்னே நஞ்சுச் சுரப்பி இருப்பது உண்மைதான். தொட்டால் கையைக் கழுவினால் போதும். நாய் கடிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். துடைப்பத்தால் அடித்துக் கொல்வதற்கு அது எந்தப் பாவமும் செய்யவில்லை.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறுகிறோமே, அதை அடுத்த கொடிமலைச் சாரலின் ஓடைகளில் கட்டைவிரல் அளவேயான ஒரு தேரை வாழ்கிறது. 1870இல் ஸ்டோலிச்கா என்ற இயற்கையியலர் அதை விவரித்து, ஆன்சோனியா பினாங்கென்சிஸ் என்று நம் தீவின் பெயரையே வைத்தார். அதன் தலைப்பிரட்டை, பாய்ந்தோடும் தண்ணீரில் வாயாலேயே பாறையைக் கவ்விப் பிடித்து வளர்கிறது. இந்தத் தீவுதான் அதற்கு உலகம். கொடிமலை 2021இல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமானபோது எல்லோரும் பெருமையாகப் படம் பகிர்ந்தோம். அதே மலையின் ஓடையில் ஷாம்பூ போட்டுக் குளிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். நுரை பாறைமேல் வழிந்து போகிறது. பார்த்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

எங்கள் கால்வாயின் கடைசியில், தண்ணீர் தேங்கும் பள்ளத்தில், இப்போது மிளகு சிந்தியதைப் போலத் தலைப்பிரட்டைகள். ஏறக்குறைய இரண்டு வாரத்தில் கால் முளைத்துக் கரையேறிவிடும். அதுவரை அந்தப் பள்ளத்தில் எதையும் ஊற்ற வேண்டாம் என்று குழுவில் கேட்டிருக்கிறேன், இங்கேயும் கேட்கிறேன். தம்பி, மறுபடி மழை பெய்து அவை கத்தினால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுங்கள். முன்னறையில் சத்தம் கேட்காது. பாய் விரித்தே வைத்திருக்கிறேன்.